வகுப்பு நேரத்தை மாணவரே தெரிவு செய்தால்?

 

ஐரோப்பாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் காலை 6 மணிக்கும் 7 மணிக்கும் இடைப்பட்ட நேரமே நாளின் மிகக் கடினமான நேரமாக இருக்கிறது. பத்து வயதுவரை தானாக எழுந்து வந்த பிள்ளை, பதினைந்து வயதானதும் மூன்று முறை கூப்பிட்டாலும் எழுவதில்லை. "இரவிரவாகக் கைத்தொலைபேசி பார்த்தால் காலையில் எப்படி எழும்புவது?" என்று தாய் கேட்கிறார். "ஊரில் நாங்கள் விடிய நான்கு மணிக்கு எழும்பி விளக்கு வைத்துப் படித்தவர்கள்" என்று தந்தை சொல்கிறார். பிள்ளை பதில் பேசாமல் பேருந்துக்கு ஓடுகிறது. இந்தச் சச்சரவில் இரு தரப்பினரும் ஒன்றை மாற்ற முடியாததாக எடுத்துக்கொள்கின்றனர். அதுதான் பாடசாலை தொடங்கும் நேரம்.

அந்த நேரத்தை மாணவரே தெரிவு செய்ய விட்டால் என்ன நடக்கும்? கேட்பதற்கு விளையாட்டுத்தனமாகத் தோன்றும் இக்கேள்விக்கு ஜேர்மனியில் ஒரு பாடசாலை நடைமுறையில் விடை கண்டுள்ளது. அந்த விடையில் பெற்றோர் அறிய வேண்டியதும் இளையோர் அறிய வேண்டியதும் உண்டு.

ஜேர்மனியின் நோர்ட்ரைன் வெஸ்ட்பாலன் மாநிலத்தில், ஆகன் நகருக்கு அருகே அல்ஸ்டோர்ப் என்ற சிறு நகரம் உள்ளது. நிலக்கரிச் சுரங்கங்களால் வளர்ந்த தொழிலாளர் நகரம் அது. ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழ்வதும் இதே மாநிலத்தில்தான். அந்நகரின் கிம்னாசியம் 'டால்ற்றன்' முறையைப் பின்பற்றுகிறது. ஹெலன் பார்க்கேர்ஸ்ட் என்ற அமெரிக்க ஆசிரியை 1920ஆம் ஆண்டளவில் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் டால்ற்றன் நகரில் செயற்படுத்திய கல்விமுறை இது. செய்ய வேண்டிய பாடவேலை முன்கூட்டியே எழுத்தில் மாணவரிடம் கொடுக்கப்படும். அதை எந்த ஒழுங்கில், எவ்வளவு நேரம் எடுத்துச் செய்வது என்பதை மாணவர் தாமே திட்டமிடுவார். வேலையை முடித்துக் காட்டும் பொறுப்பும் அவருடையதே.

இம்முறையின்படி அல்ஸ்டோர்பில் நாளாந்த நேர அட்டவணையின் ஒரு பகுதி தன்கற்றலுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டில் மேல்வகுப்பு மாணவர்களுக்கு ஒரு புதிய உரிமை கொடுக்கப்பட்டது. காலை 8 மணிக்குத் தொடங்கும் முதற்பாடவேளை தன்கற்றல் வேளையாக இருக்கும் நாட்களில், 8 மணிக்கே வருவதா, அதைத் தவிர்த்து 8:50க்கு இரண்டாம் பாடவேளைக்கு வருவதா என்பதை ஒவ்வொரு நாளும் மாணவரே முடிவு செய்யலாம். எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆனால் தவறவிட்ட தன்கற்றல் வேளையைப் பின்னர் வேறொரு ஓய்வு வேளையிலோ வகுப்புகள் முடிந்த பின்னரோ ஈடுசெய்தாக வேண்டும். மாணவருக்குக் கிடைத்தது விடுமுறை அன்று. திருப்பிச் செலுத்த வேண்டிய நேரக்கடன் என்பதே பொருந்தும்.

மூனிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏவா வின்னபெக், ரில் றோனபேர்க் ஆகியோரின் ஆய்வுக் குழு இம்மாற்றத்தை அருகிலிருந்து அளந்தது. 10 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான, 14 முதல் 19 வயது வரையிலான மாணவர்கள், மாற்றத்திற்கு முன்னர் 3 வாரங்களும் பின்னர் 6 வாரங்களும் கவனிக்கப்பட்டனர். 65 மாணவர்கள் நாள்தோறும் உறக்கக் குறிப்பு எழுதினர். அவர்களுள் 37 பேர் உடல் அசைவைப் பதிவு செய்யும் கருவியை மணிக்கட்டில் அணிந்திருந்தனர். ஆகவே இம்முடிவுகள் பிள்ளைகளின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி எழுதப்பட்டவை அல்ல. ஆய்வு 2020ஆம் ஆண்டில் வெளியானது.

பெற்றோர்கள் எல்லோருக்கும் உடனே எழும் ஐயம் ஒன்றுதான். பிந்தி எழும்பலாம் என்றால் பிள்ளை இன்னும் பிந்தித்தானே படுக்கும்? அல்ஸ்டோர்பில் அவ்வாறு நடக்கவில்லை. பிந்தித் தொடங்கிய நாட்களில் மாணவர்கள் சராசரியாக 1.1 மணித்தியாலம், அதாவது ஏறத்தாழ 66 நிமிடங்கள், கூடுதலாக உறங்கினர். உறங்கச் சென்ற நேரம் மாறவில்லை. எழுந்த நேரம் மட்டுமே பிந்தியது. கிடைத்த நேரம் உறக்கத்திற்கே சென்றது. உறக்கத்தின் தரமும் கூடியது. எழுப்புமணி அடித்து எழ வேண்டிய தேவை குறைந்தது. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வேறுபாடின்றி இப்பயன் கிடைத்தது. ஓராண்டின் பின் அதே பாடசாலையில் மீண்டும் அளந்தபோதும், பிந்தித் தொடங்கிய நாட்களின் உறக்க மிகுதி நீடித்தே இருந்தது.

இதற்குக் காரணம் உடலில் இருக்கிறது. பருவமடையும் வயதில் உடலின் உட்கடிகாரம் பின்னோக்கி நகர்கிறது. உறக்கத்திற்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலற்றொனின் என்ற சுரப்பு, சிறு வயதில் சுரந்ததை விடப் பிந்தியே மாலையில் சுரக்கத் தொடங்குகிறது. இரவு 11 மணிவரை நித்திரை வரவில்லை என்று பதினாறு வயதுப் பிள்ளை சொல்வது பெரும்பாலும் உண்மை. றோனபேர்க் குழுவினர் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி இப்பின்னகர்வு ஏறத்தாழ 20 வயதில் உச்சத்தை அடைந்து, அதன் பின்னர் மெல்ல முன்னோக்கித் திரும்புகிறது. நாற்பது வயதில் விடிய ஐந்து மணிக்குத் தானாக விழிக்கும் தந்தை தம் கட்டுப்பாட்டைப் பற்றிப் பெருமை கொள்ளலாம். அதில் ஒரு பங்கு அவருடைய வயதுக்கு உரியது.

அமெரிக்காவின் பிறவுண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி கார்ஸ்கடன் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 9ஆம் வகுப்பில் 8:25க்குப் பாடசாலை தொடங்கிய மாணவர்களுக்கு, 10ஆம் வகுப்பில் 7:20க்குத் தொடங்கியது. 65 நிமிடங்கள் முன்னதாக எழ வேண்டியிருந்த அம்மாணவர்களைக் காலை வேளையில் சோதித்தபோது, ஏறத்தாழ அரைவாசிப் பேர் கண்ணயர்ந்த சில நிமிடங்களிலேயே கனவுநிலை உறக்கத்திற்குள் சென்றனர். கடுமையான உறக்க நோய் உள்ளவர்களிடம் காணப்படும் அறிகுறி அது. வகுப்பறையில் அமர்ந்திருந்தாலும் அவர்களின் உடலுக்கு அது நடு இரவாகவே இருந்தது.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். 13 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியால உறக்கம் தேவை என்பது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை. நடு அளவான 9 மணித்தியாலத்தை எடுத்துக்கொள்வோருக்குக் கணக்கு எளிது. இரவு 11 மணிக்கு உறங்கிக் காலை 6 மணிக்கு எழுகின்ற பிள்ளைக்குக் கிடைப்பது 7 மணித்தியாலம். நாளுக்கு 2 மணித்தியாலக் குறைவு. 5 நாட்களுக்கு 10 மணித்தியாலம். வாரந்தோறும் ஓர் இரவு முழுவதும் விழித்திருந்ததற்கு இது ஒப்பானது. கணிதப் பரீட்சைக்கு முதல்நாள் இரவு முழுவதும் பிள்ளையை விழித்திருக்க எந்தப் பெற்றோரும் விடுவதில்லை. அதே இழப்பு ஐந்து துண்டுகளாக வரும்போது எவர் கண்ணிலும் படுவதில்லை.

"ஊரில் நாங்கள் எழும்பவில்லையா?" என்ற கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். அது நியாயமான கேள்விதான். இலங்கையில் பாடசாலை காலை 7:30க்குத் தொடங்குகிறது; பிற்பகல் 1:30க்கு முடிந்தும் விடுகிறது. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ 6 மணியளவில் உதித்து, மாலை 6 மணியளவில் மறைகிறது. உட்கடிகாரத்தைச் சரிசெய்யும் முதன்மையான கருவி வெளிச்சமே. காலை வெளிச்சம் அதை முன்னோக்கித் தள்ளும். இரவு வெளிச்சம் பின்னோக்கித் தள்ளும். ஊரில் பாடசாலைக்கு நடந்து செல்லும் பிள்ளையின் முகத்தில் ஏழு மணி வெயில் பட்டது. மார்கழி மாதத்து ஆகனில் காலை எட்டரை மணிக்குத்தான் பொழுது புலர்கிறது. அங்கு பிள்ளை இருளில் எழுந்து, இருளில் பேருந்து ஏறி, மின்விளக்கின் கீழ் முதற்பாடம் கற்கிறது. கோடையிலோ இரவு 10 மணிவரை வானம் வெளிச்சமாக இருக்கிறது. கைத்தொலைபேசியின் திரையும் கடிகாரத்தைப் பின்தள்ளும் என்பது உண்மையே; அதைக் கட்டுப்படுத்துவதும் தேவையே. ஆனால் பழி முழுவதையும் அதன்மேல் சுமத்திவிட முடியாது. ஊரின் பழக்கத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர முடிந்தவர்களால் ஊரின் சூரியனைக் கொண்டுவர முடியவில்லை.

இச்சிக்கலுக்கு அமெரிக்கா வேறொரு வழியைத் தேடியது. மினசோற்றா மாநிலத்தின் ஈடைனா நகரில் 1996ஆம் ஆண்டு உயர்நிலைப் பாடசாலையின் தொடக்க நேரம் 7:20இலிருந்து 8:30க்கு மாற்றப்பட்டது. 2014இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 8:30க்கு முன்னர் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. சியாற்றில் நகரம் 2016இல் 7:50ஐ 8:45 ஆக்கியது. மாணவர்களின் உறக்கம் நாளுக்கு 34 நிமிடங்கள் கூடியதாக 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. கலிபோர்னியா 2019இல் சட்டம் இயற்றி, 2022 யூலை முதல் நடைமுறைப்படுத்தியது. புளோரிடாவும் 2023இல் சட்டம் இயற்றியது. ஆனால் அது நடைமுறைக்கு வரும் முன்னரே 2025இல் நீக்கப்பட்டுவிட்டது. பேருந்து ஒழுங்கு, செலவு, பெற்றோரின் வேலை நேரம் என்று பல தடைகள் எழுந்தன.

எல்லோருக்கும் ஒரே நேரம் என்று விதித்தால், அந்த நேரம் எதுவானாலும் சிலருக்குப் பொருந்தாது. விடியற்காலையிலேயே மூளை தெளியும் பிள்ளைகளும் உண்டு. அதிகாலைத் துப்புரவுப் பணிக்கோ தொழிற்சாலைக்கோ செல்லும் பெற்றோர், தம்பி தங்கையைச் சிறுவர் பாடசாலையில் விட்டுவிட்டு வரும் பொறுப்பை மூத்த பிள்ளையிடம் கொடுத்துச் செல்லும் குடும்பங்களும் உண்டு. அத்தகைய பிள்ளைக்கு 8 மணி வகுப்பு ஒருநாள் இயலும், மறுநாள் இயலாது. நாளுக்கு நாள் தெரிவு செய்யும் உரிமை இத்தகையவர்களுக்கே முதலில் பயன்படும்.

தொழில் உலகம் இதை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. 1960களின் பிற்பகுதியில் மூனிச் அருகே ஒரு வானூர்தி நிறுவனத்தில் அறிமுகமான நெகிழ்வு வேலைநேரம், இன்று 'கிளைற்சைற்' என்ற பெயரில் ஜேர்மனிய அலுவலகங்களில் சாதாரண நடைமுறை. கூட்டாகச் செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு மைய நேரம் உண்டு. அந்நேரத்தில் எல்லோரும் இருக்க வேண்டும். மீதி நேரத்தை அவரவர் ஒழுங்கு செய்வர். மொத்த மணித்தியாலக் கணக்கு சரியாக இருக்க வேண்டும். கணினித் துறையில் பணிபுரியும் பெற்றோர் பலர் இம்முறையிலேயே வேலை செய்கின்றனர். 35 வயதுப் பொறியியலாளரை நம்பிக் கொடுக்கும் ஒன்றை, அதே ஒழுங்குமுறையுடன் 17 வயது மாணவரிடம் கொடுக்க அஞ்சுவது ஏன்? வேலைக்குப் போனால் யார் பிந்தி வர விடுவார்கள் என்று கேட்போர், இன்றைய வேலையிடம் மாறியிருப்பதையும் காண வேண்டும். அங்கே எழுப்பிவிடத் தாய் வரமாட்டார். நேரத்தைத் தானே ஆளும் பழக்கம் அதற்கு முன்னரே தொடங்கியாக வேண்டும்.

இங்கே இளையோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அல்ஸ்டோர்ப் ஆய்வில் மகிழ்ச்சியளிக்காத முடிவும் இருந்தது. பிந்தித் தொடங்கிய நாட்களில் உறக்கம் கூடியபோதும், மொத்தக் காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் மாணவர்களின் சராசரி உறக்கம் முன்னரை விடக் கூடவில்லை. கிடைத்த உரிமையை அவர்கள் போதிய நாட்களில் பயன்படுத்தவில்லை என்பதே ஆய்வாளர்கள் கருதிய காரணம். அப்படியிருந்தும் மாணவர்கள் அம்முறையை மிகவும் விரும்பினர். உறக்கமும் கவனமும் மேம்பட்டதாக உணர்ந்தனர்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, சுதந்திரம் கொடுத்தால் பிள்ளைகள் அதைத் துர்ப்பயன் செய்வார்கள் என்ற அச்சத்திற்கு அல்ஸ்டோர்ப் ஆதாரம் தரவில்லை. அங்கு பயன்பாடு அளவை மீறவில்லை, போதாமலே இருந்தது. இரண்டாவது, உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. தவறவிட்ட வேளையைப் பின்னர் ஈடுசெய்ய வேண்டும் என்ற கணக்கும், பழகிய பேருந்தும், நண்பர்களும் ஒரு மாணவரை முந்தி வரவே இழுக்கக்கூடும். வீட்டில் "மற்றவர்கள் போய்விட்டார்கள், நீ இன்னும் படுத்திருக்கிறாயா?" என்ற ஒரு சொல் எழுந்தால், எந்தப் பாடசாலை கொடுத்த உரிமையும் அந்த வாசலிலேயே நின்றுவிடும்.

ஆகவே இன்று செய்யக்கூடியவை மூன்று.

முதலாவது வீட்டில். காலையில் எழ இயலாத பிள்ளையைச் சோம்பேறி என்று அழைப்பதை நிறுத்த வேண்டும். அச்சொல்லைப் பல ஆண்டுகள் கேட்ட பிள்ளை அதை நம்பத் தொடங்கிவிடும். எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று கேட்பதற்குப் பதிலாக எத்தனை மணித்தியாலம் உறங்கினாய் என்று கேட்பது நல்லது. இரவில் வெளிச்சத்தைக் குறைப்பதும், கைத்தொலைபேசியைக் கூடத்தில் வைப்பதும் பிள்ளைக்கு மட்டுமான தண்டனையாக இல்லாமல், பெற்றோரும் சேர்ந்து கடைப்பிடிக்கும் வீட்டு வழக்கமாக வேண்டும். ஞாயிறு காலையில் மகன் உறங்கலாம், மகள் எழுந்து அடுக்களைக்கு வர வேண்டும் என்ற வழக்கம் எங்கேனும் இருந்தால் அதுவும் மாற வேண்டும். மகளின் உட்கடிகாரமும் அதே வயதுக்கு உரியதுதான்.

இரண்டாவது பாடசாலையில். நோர்ட்ரைன் வெஸ்ட்பாலன் போன்ற மாநிலங்களில் 'சூல்கொன்பெரன்ஸ்' எனப்படும் பாடசாலைப் பேரவையில் ஆசிரியர்களுடன் பெற்றோர் பிரதிநிதிகளும் மாணவர் பிரதிநிதிகளும் அமர்கின்றனர். தமிழ்ப் பெற்றோர் பலர் மதிப்பெண் பற்றிப் பேச மட்டுமே பாடசாலைக்குச் செல்கின்றனர். மொழித் தயக்கமும் ஒரு காரணம். அங்கே நேர ஒழுங்கைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதற்குப் புலமை தேவையில்லை. மேல்வகுப்புகளின் முதற்பாடவேளையைத் தன்கற்றல் வேளையாக்க முடியுமா என்ற ஒரே கேள்வி போதும். பிள்ளையே அதை மொழிபெயர்த்துக் கேட்கலாம். அது அவருக்குரிய கேள்விதானே.

மூன்றாவது தமிழ்ச் சமூகத்தின் கையிலேயே உள்ளது. ஐந்து நாட்கள் உறக்கத்தை இழந்த பிள்ளைகள் அதை ஈடுசெய்ய முயல்வது சனி, ஞாயிறு காலைகளில். அந்தச் சனி காலையில்தான் தமிழ் வகுப்பும், நடன வகுப்பும், மிருதங்க வகுப்பும் வைக்கப்படுகின்றன. சிறுவர் வகுப்புகள் காலையில் நடப்பதில் தவறில்லை. அவர்கள் எப்படியும் எழுந்துவிடுவர். 14 வயதுக்கு மேற்பட்டோரின் வகுப்பை முற்பகல் 11 மணிக்கோ பிற்பகலுக்கோ மாற்றலாம். எந்த நேரம் என்பதை அவ்வகுப்பு மாணவர்களே கூடி முடிவு செய்யட்டும். வராத பாடத்தை ஈடுசெய்யும் பொறுப்பையும் அவர்களே ஏற்கட்டும். பதினைந்து வயதில் தமிழ் வகுப்பைக் கைவிடும் பிள்ளைகளைப் பற்றி நிருவாகக் கூட்டங்கள் கவலைப்படுகின்றன. அவர்களுள் எத்தனை பேர் தமிழை விட்டனர், எத்தனை பேர் சனி காலை 9 மணியை விட்டனர் என்பதை அவர்களிடமே கேட்டறிய வேண்டும். மண்டப வாடகையும் ஆசிரியர் கிடைப்பும் சிக்கல்கள்தான். எனினும் ஒரு பருவத்திற்கு, ஒரு வகுப்பில் மட்டும் இதைச் செய்து பார்க்க எந்த அரசின் அனுமதியும் தேவையில்லை.

இளையோரே, நேரம் கேட்பவர் கணக்குக் கொடுக்கவும் ஆயத்தமாக இருக்க வேண்டும். அல்ஸ்டோர்ப் மாணவர்கள் 8:50க்கு வந்தார்கள். தவறிய வேளையைத் திருப்பிச் செலுத்தினார்கள். பெற்றோரிடம் ஒரு மணித்தியாலம் கேட்கும்போது, அதை எப்போது எப்படி ஈடுசெய்வீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு தாள் பல நாள் வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

பெற்றோர்களே, இந்தப் பிள்ளைகளுக்காகவே கடல் கடந்து, மொழி தெரியாத நாடுகளில், குளிரிலும் இருளிலும் எழுந்து வேலைக்குச் சென்றவர்கள் நீங்கள். உங்கள் நாட்கள் எல்லாம் வேறொருவர் வகுத்த நேரத்தில் கழிந்தன. அடுத்த தலைமுறை தன் நேரத்தைத் தானே பொறுப்புடன் வகுத்துக்கொள்வதைக் காண்பதும் அந்த உழைப்பின் பயன்களுள் ஒன்றாகட்டும்.